2,899 ரூபாய் போச்சு: வீட்டிலேயே பல் வெளுக்கும் கிட் வாங்கப் போகிறீர்களா?

பணம் திரும்ப வராது என்று நேற்று ராத்திரிதான் கடைசிப் பதில் வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி. இங்கே போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்குள் எங்கள் வயசுக்காரர்களுக்குப் பல் முளைத்துப் பழுப்பேறி முடிந்துவிட்டது. எனக்கு முன்பல் இரண்டிலும் குறுக்கே காவிக் கோடு. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். அடுத்த மாதம் ஆந்திராப் பக்கம் குப்பம் என்கிற ஊரில் நாத்தனார் கல்யாணம், வீடியோ எடுப்பார்கள். அங்கேதான் புத்தி கெட்டது.

போனில் ஓயாமல் விளம்பரம் வரும் ஒரு ஆன்லைன் கடை. பதினான்கு நாளுக்குப் பல்லில் ஒட்டும் ஸ்ட்ரிப், நீல லைட், ஊதா சீரம் எல்லாம் சேர்த்து 2,899 ரூபாய். எடுத்தவுடன் வாங்கிவிடவில்லை. பல்லைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "இது தண்ணீரால் வந்த கறை, போகுமா?" என்று தெளிவாகவே கேட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். என் தமிழில் தெலுங்கு வாடை அடித்திருக்கும் போல. சட்டென்று தெலுங்குக்கு மாறி, "மாதி குப்பமே அக்கா" என்றாள், அவளுக்கும் குப்பம்தான் ஊராம். அவள் அம்மாவுக்கும் இதே கறையாம், இரண்டே வாரத்தில் போய்விட்டதாம். பக்கத்து ஊர்ப் பெண், பெற்ற தாயை இழுத்துப் பொய்யா சொல்வாள்? வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் தையல் காசிலிருந்து ஜிபே செய்தேன்.

மூன்றாம் நாள் கண்ணாடியில் பல் பளிச்சென்று இருந்தது. கண்ணே கலங்கிவிட்டது எனக்கு. ஊதா சீரம் என்பது மஞ்சளை மறைக்கும் சாயம்தான், கொஞ்ச நேரத்தில் கழுவிப் போய்விடும். ஸ்ட்ரிப் எடுத்த பல் ஈரம் காய்ந்து தற்காலிகமாக வெளுப்பாகத் தெரியும். இதெல்லாம் அன்று யாருக்குத் தெரியும்? சந்தோஷத்தில் "சூப்பர்மா, ரொம்ப தேங்க்ஸ்" என்று படத்தோடு வாய்ஸும் அனுப்பினேன்.

ஆறாம் நாள் ஈறு வெந்து வெளுத்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே சுரீர். பத்தாம் நாள் பார்த்தால் காவிக் கோடு அப்படியே இருக்கிறது. சுற்றியிருந்த வெள்ளைத் திட்டுகள் இன்னும் வெளுத்து, கோடு முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது!

போன் செய்தேன். குப்பத்துக்காரி எடுக்கவில்லை, வேறு ஆள். "காபி குடிச்சீங்களா மேடம்?" குடித்தேன். "அப்போ அதான் காரணம்." மறுநாள் இன்னொருவன்: இரண்டாவது கிட் போட்டால்தான் பிடிக்குமாம், எனக்காக 1,999-க்குத் தருவானாம். 30 நாளில் பணம் வாபஸ் என்று போட்டிருக்கிறீர்களே என்றேன். அது சீல் உடைக்காத பெட்டிக்குத்தானாம். உடைக்காமல் எப்படி ஐயா பல்லில் ஒட்டுவது? கடைசியில் என் வாய்ஸையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள், "நீங்களே சூப்பர்னு சொல்லியிருக்கீங்க" என்று. அதோடு பிளாக். 2,899 ரூபாய், எத்தனை ஜாக்கெட் தைத்த கூலி அது!

இந்த இழுபறிக்கு நடுவேதான் கிருஷ்ணகிரியில் பல் டாக்டரிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும், தெரிகிறது. அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லை வெளுக்கும் மருந்தான பெராக்சைடு எத்தனை சதவீதம் என்று எங்கேயும் அச்சடிக்கவில்லை. என்னுடையது சின்ன வயதில் பல்லின் மேல் ஓடான எனாமல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை, இந்த ஸ்ட்ரிப்புக்கு அடங்காது என்றார். டீக்கறைக்கும் வயதால் வரும் மஞ்சளுக்கும் டாக்டர் அளவெடுத்துத் தரும் ட்ரேயும் ஜெல்லும் நன்றாகவே கேட்குமாம். அதுவும் நிரந்தரமில்லை, நாளாக ஆக மங்கும். கேப் போட்ட பல், அடைத்த பல் நிறம் மாறவே மாறாது. நீல லைட்டைக் காட்டினேன். சிரித்தார்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. வாங்கும் முன் டாக்டரிடம் பல்லைக் காட்டுங்கள். சதவீதம் போடாத பெட்டியைத் தொடாதீர்கள். நம்ம பாஷை பேசினால் உருகிவிடாதீர்கள். பில், சாட் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்திருக்கிறேன்.

என் பல் படத்தை 'மூன்றே நாளில்' என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் நம்பரிலிருந்து மூன்று முறை எழுதிவிட்டேன். இன்று காலையும் இருந்தது.