ஜிம்மியின் முகம் வீங்கிய மத்தியானம்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பயணம், பத்திர வேலை, வங்கி வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மனதை விட்டுப் போகாமல் நிற்பது ஒரே ஒரு மத்தியானம்தான், அக்கா வீட்டு நாய்க்குட்டிக்கு முகம் வீங்கிய மத்தியானம்.

ஜிம்மிக்கு 5 மாதம். கண்ணில் பட்டதையெல்லாம் மூக்கால் முட்டிப் பார்க்கும் வயது. பின்பக்கம் செடிகளுக்கிடையில் எதையோ துரத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று வீல் என்று கத்தினான். ஓடி வந்து முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அக்கா மகள் தூக்கி வைத்துக் கொஞ்சியதும் அடங்கிவிட்டான். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். 20 நிமிடம் போயிருக்கும், "மாமா, ஜிம்மி மூஞ்சி வேற மாதிரி ஆயிடுச்சு" என்று அவள் ஓடி வந்தாள்.

போய்ப் பார்த்தேன். மேலுதடு தடித்துத் தொங்கியது. மூக்குப் பகுதி இரண்டு மடங்கு பருத்திருந்தது. இமைகள் உப்பி, ஒரு கண் வெறும் கீற்றாகத் தெரிந்தது. வயிற்றைத் தடவினால் முடிக்கு அடியில் தடிப்புத் தடிப்பாகக் கையில் பட்டது. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் அக்கா அழ ஆரம்பித்தாள்.

வழக்கமாகத் தடுப்பூசி போடும் தனியார் கிளினிக்குக்கு போன் செய்தேன். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, செயலியில் பதிவு செய்துவிட்டீர்களா என்பது. முகம் வீங்கிக்கொண்டே போகிறது என்றேன். பதிவு செய்தால் மாலையில் நேரம் கிடைக்கும் என்றார். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நாய் நிற்கிறதா படுத்துவிட்டதா என்று கேட்கவில்லை. சரி என்று செயலியைத் திறந்தால் எடை, இனம், பிறந்த தேதி, படம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கடவுச்சொல் அத்தானின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் மட்டும் 11 நிமிடம் போனது. அப்புறம் போனில் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் இருக்கும் நாட்டில் விலங்கு மருத்துவமனையில் போனை எடுப்பவரும் மருத்துவர் இல்லைதான். ஆனால் உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: மூச்சு விடச் சிரமப்படுகிறதா, ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, எழுந்து நிற்கிறதா, வாந்தி எடுத்ததா. அந்த நாலு கேள்வியை யாருக்கும் அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஊரில் அவ்வளவு அழகான கட்டடம், குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு எல்லாம் வைத்திருக்கிறார்கள். போன் எடுக்கும் பெண்ணுக்கு அந்த நாலு கேள்வியை எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது.

நான் இருக்கும் நாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு என் நாய்க்கு இதே மாதிரி குளவி கொட்டி வீங்கியபோது, மூச்சு நன்றாக இருக்கிறது என்பதாலேயே எங்களைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். உத்தேசச் செலவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு 4 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சரியான கேள்வி கேட்டார்கள், ஆனால் ஆறுதலாக ஒரு வார்த்தை பேச அங்கே ஆள் இல்லை.

அத்தானுக்குத்தான் பழைய மாட்டு டாக்டர் ஞாபகம் வந்தது. நம் சின்ன வயதில் வீட்டில் நாய் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாய்க்கென்று யார் டாக்டரைக் கூப்பிட்டார்கள்? மாட்டைப் பார்க்க வருவார், ஊசியைக் கொதிக்க வைத்த எவர்சில்வர் பெட்டியோடு. போகும்போது "இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க சார்" என்று நாயைக் காட்டுவோம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. வீட்டிலேயே பார்க்கிறாராம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"தம்பி, பதறாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கா, ஒரு பக்கமா?"

இரண்டு பக்கமும் என்றேன். எங்காவது பல் பதிந்த புள்ளி, ரத்தக் கசிவு, கறுத்துப்போன தோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை. ஒரு பக்கமாக வீங்கி, தொட்டால் துடித்து, ரத்தம் கசிந்தால் பாம்பாக இருக்கலாம், அப்படியென்றால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்றார். இன்றைக்குத் தடுப்பூசி போட்டீர்களா, புதிதாக ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தச் சொன்னார். அழுத்திய இடம் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி சிவந்துவிட வேண்டுமாம். சிவந்தது. மார்பைப் பார்த்து மூச்சை எண்ணச் சொன்னார். பயத்தில் இரைத்துக்கொண்டிருந்தான், ஆனால் விசிலடிக்கும் சத்தமோ கரகரப்போ இல்லை. "கழுத்துப் பட்டையைக் கழட்டுங்க முதல்ல" என்றார். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் அந்தப் பட்டையே சுருக்கு மாதிரி ஆகிவிடும்.

இதற்குள் அத்தான் மருந்துக் கடைக்கு ஓடி, அலர்ஜி மாத்திரை என்று ஒரு அட்டை வாங்கி வந்திருந்தார். பாதி மாத்திரை கொடுக்கட்டுமா என்று கேட்டோம். அட்டையில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னார் டாக்டர். அலர்ஜிக்கான மருந்தோடு பாராசிட்டமாலும் மூக்கடைப்புக்கான மருந்தும் சேர்ந்த சளி மாத்திரை அது. "கைல இருக்கறத அப்படியே கீழ வைங்க" என்று குரலை உயர்த்தினார். பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். மூக்கடைப்பு மருந்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென் கொடுத்தால் வயிறும் சிறுநீரகமும் போகும். சில சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை மடமடவென்று இறக்கிவிடும். இதெல்லாம் தெரியாமல் நல்லது நினைத்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அந்தப் பாதி மாத்திரை அத்தானின் விரல் நுனியில் இருந்தது.

ஈரத்துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டே காரில் தூக்கிப் போனோம். வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது, கை மட்டும் அதே நிதானம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கைச் சுற்றித் தேடி, மேலுதட்டு ஓரத்தில் கறுப்பாக ஒரு முள்ளைக் கண்டுபிடித்தார். தேனீ. குளவி கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, தேனீதான் விடும். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் பை கொஞ்ச நேரம் விஷத்தைச் செலுத்திக்கொண்டே இருக்குமாம். பார்த்தவுடன் நகத்தாலோ அட்டை விளிம்பாலோ சுரண்டி எடுத்திருக்க வேண்டும், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்றார். நான் செயலியில் நாயின் பிறந்த தேதியைத் தேடிக்கொண்டிருந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது.

எடை போட்டு இரண்டு ஊசி போட்டார், ஒன்று அலர்ஜிக்கு, இன்னொன்று ஸ்டீராய்டு. அலர்ஜி முற்றி உயிருக்கு ஆபத்தானால் போடும் அட்ரினலினையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார். அது தேவைப்படவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடுவார் என்று எழுந்தேன். "உக்காருங்க, ஒரு மணி நேரம் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். ஜிம்மியை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈறைப் பார்த்தபடி, அக்கா மகள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். முகம் வீங்குவது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், வீக்கம் முகத்தோடு நின்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. நாய்களுக்கு அலர்ஜி முற்றும்போது கல்லீரலும் குடலும்தான் முதலில் அடி வாங்கும். அதனால் திடீர் வாந்தி, பேதி, தள்ளாட்டம், வெளுத்த ஈறு, இவைதான் உயிருக்கு ஆபத்தான அடையாளம். முகம் வீங்காமலேயே அது வரலாம். நான் அத்தனை வருடம் நாய் வளர்த்தும் இது எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மா 'சீழ் பிடிச்சிருக்கும்' என்று சொன்னதை அக்கா கேட்டாள். அதையும் அவர் தள்ளிவிடவில்லை. பெரும்பாலும் 4 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு உதடும் இமையும் வீங்கி, சீழ்க் கொப்புளம் கிளம்பி, தாடைக்கு அடியில் நெறி கட்டும் நோய் ஒன்று உண்டாம். பார்த்தால் கிருமித் தொற்று போலவே இருக்கும், ஆனால் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் அடங்காது, ஸ்டீராய்டு வேண்டும். அது நாள்கணக்கில் வளரும், இப்படி அரை மணி நேரத்தில் வராது. பல் வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் புடைக்கும், அது பெரும்பாலும் வயதான நாய்க்கு. எவ்வளவு வேகமாக வீங்கியது என்று சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும் என்றார். நாங்கள் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம், ஜிம்மி கத்திய நேரம். அதை அக்கா மகள்தான் சரியாகச் சொன்னாள்.

கிளம்பும்போது இமை கொஞ்சம் தளர்ந்திருந்தது. வீக்கம் முழுதாக வற்ற ஒன்றிரண்டு நாள் ஆகலாம், மருந்தின் வேகம் குறையும்போது திரும்பவும் வரலாம், 24 மணி நேரம் கண் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டக் கூடாது என்றார்.

இரவு நான்தான் பக்கத்தில் படுத்திருந்தேன். மூக்கு பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. பத்தரை மணிக்கு போன் அடித்தது. டாக்டர்தான். எண்ணை அத்தானிடம் வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"வாந்தி எடுத்தானா தம்பி?"

"இல்ல சார்."

"மூச்சு?"

"இப்பதான் எண்ணினேன் சார். 22."

"சரி, படுங்க. காலைல ஒரு தடவ கூப்பிடுங்க."