பறவை கட்டுரை எழுதுற விக்கிப்பீடியாகாரங்களுக்கு: பி.எச்.எல் சைட் ரிவியூ

தமிழ் விக்கிப்பீடியால பறவை கட்டுரைங்களை எடுத்து சரி பண்ற ஆளுங்களுக்குத்தான் இந்த ரிவியூ, மத்தவங்களுக்கு கொஞ்சம் போர் அடிக்கும், முன்னாடியே சொல்லிட்டேன். சைட் பேரு பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி, சுருக்கமா பி.எச்.எல். பெரிய பெரிய நேச்சுரல் ஹிஸ்டரி லைப்ரரிங்கல்லாம் ஒண்ணு சேர்ந்து 2006ல ஆரம்பிச்சது. பழைய புத்தகம், ஜர்னல்னு கோடிக்கணக்கான பக்கத்தை ஸ்கேன் பண்ணி போட்டு வச்சிருக்காங்க. காசு கிடையாது, படிக்க லாகின் வேணாம், பாதியில "சந்தா கட்டுங்க"ன்னு வந்து மறைக்கிற பாப்அப் தொல்லையும் கிடையாது.

நம்ம பனங்காடையை (இங்கிலீஷ்ல இண்டியன் ரோலர்) வச்சே சொல்றேன். நம்மாளுங்க எழுதுற பறவை கட்டுரை பலதுலயும் ஒரு பெட்டி, ஒரு போட்டோ, நாலு வரி, அதுல ஒரு வரி "இது விவசாயிகளின் நண்பன்", யாரு சொன்னா எங்க சொன்னான்னு ஒண்ணும் இருக்காது. சரி சோர்ஸ் தேடுவோம்னு பி.எச்.எல்-ல கொராசியாஸ் பெங்காலென்சிஸ்னு அறிவியல் பேரைப் போட்டா ரிசல்ட் வரும், ஆனா ஜெர்டன் 1862ல இந்தியப் பறவைங்க பத்தி எழுதின புத்தகம் அந்த வழியா ஈஸியா சிக்காது. மெட்ராஸ் பிரசிடென்சியில டாக்டரா இருந்த மனுஷன், தென்னிந்திய பறவைன்னா அவரை விட்டுட்டு எழுத முடியுமா? அவர் புத்தகத்துல இதே பறவை கொராசியாஸ் இண்டிகா. பிரிட்டிஷ் இந்தியா விலங்குகள் பத்தின புத்தக வரிசையில பிளான்ஃபோர்டு 1895ல எழுதின பறவை வால்யூம்லயும் இண்டிகாதான்.

காரணம் என்னன்னா, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ், தன்னோட சிஸ்டமா நேச்சுரே புத்தகத்தோட பத்தாம் பதிப்புல 1758ல வங்காளத்துப் பறவைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பெங்காலென்சிஸ்னு ஒரு தடவை பேர் வச்சாரு, அப்புறம் 1766ல வந்த பன்னிரண்டாம் பதிப்புல சிலோன்ல இருந்து போன பறவையோட படத்தை வச்சு இண்டிகான்னு இன்னொரு பேரும் வச்சுட்டாரு. அந்தக் காலத்து பிரிட்டிஷ்காரங்க அந்த பன்னிரண்டாம் பதிப்புல இருந்துதான் கணக்கை ஆரம்பிப்பாங்க, பிற்பாடுதான் பத்தாம் பதிப்புன்னு முடிவாகி 1758 பேரு நின்னுச்சு, 1927ல அதே விலங்கு வரிசையோட புதுப் பதிப்புக்கு ஸ்டூவர்ட் பேக்கர் எழுதின வால்யூம் வர்றப்போ பெங்காலென்சிஸ் ஆயிடுச்சு. அதனால பி.எச்.எல்-ல தேடறவங்க பழைய பேர் எல்லாத்தையும் முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா போடணும். இல்லைன்னா பாதி சோர்ஸ் கண்ணுக்கே படாது.

இதுல ஒரு கண்ணி வேற இருக்கு. இன்னைக்கு இண்டிகஸ்ங்கிறது (இண்டிகாவோட இன்னொரு வடிவம்தான்) தென்னிந்தியா, இலங்கைல இருக்கிற துணை இனத்தோட பேரு. ஜெர்டன் இண்டிகான்னு சொன்னது மொத்த இனத்தையும். அவர் சொன்னதை அப்படியே தூக்கி துணை இனம் பகுதியில போட்டா கட்டுரை தப்பாயிடும். பர்மா பக்கத்துல இருக்கிற அஃபினிஸ்ங்கிற பனங்காடை கதையும் இப்படித்தான், பிளான்ஃபோர்டு தனி இனம்னாரு, ஸ்டூவர்ட் பேக்கர் துணை இனம்னு சேர்த்தாரு, இப்போ மறுபடியும் தனி இனம். இதெல்லாம் சைட் சொல்லித் தராது, நீங்கதான் பார்த்துக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி லிங்க் இருக்கிறது. அடுத்தவங்க கட்டுரையை ரிவியூ பண்றப்போ இதோட அருமை தெரியும். "ஜெர்டன், 1862"ன்னு மொட்டையா போட்டா நான் எந்த மூலையில போய் தேடுறது? பக்கத்து லிங்க் இருந்தா ஒரே கிளிக், கட்டுரையில இருக்கிற வரி, புத்தகத்துல இருக்கிற வரி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்துட்டு ஓகே சொல்லிடலாம். வேணுங்கிற பக்கத்தை மட்டும் டிக் பண்ணி பிடிஎஃப்பா எடுத்துக்கவும் வசதி இருக்கு. பம்பாய் நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி ஜர்னல் பழைய வால்யூம்களும் இங்கயே கிடைக்குது, கூடு, முட்டை பத்தின குறிப்பெல்லாம் அதுல அள்ளலாம்.

குறைன்னா ஓசிஆர் தான், அதாவது ஸ்கேனை மெஷின் படிச்சு டெக்ஸ்டா மாத்துறது, அது பல இடத்துல சொதப்பல். ஆல்பின்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1731ல இந்தப் பனங்காடையை "வங்காளத்து ஜே"ன்னு (ஜேங்கிறது ஐரோப்பாவுல இருக்கிற ஒரு காக்கா இனப் பறவை) படம் போட்டு எழுதியிருக்காரு, அந்தக் காலத்து அச்சுல எஸ் எழுத்தே எஃப் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், மெஷின் எஃப்னே படிச்சுடும், அப்புறம் சர்ச்ல எப்படி வரும்? ஊர்ப்பேருங்க மேல கோடு புள்ளி போட்டு அச்சடிச்சிருந்தா அதுவும் அவ்வளவுதான். டெக்ஸ்டை காப்பி பண்ணாம படத்தைப் பார்த்து டைப் பண்றதுதான் சேஃப். போன்ல பார்த்தா கண்ணு வலிக்கும், லேப்டாப் வேணும். தமிழ் இன்டர்ஃபேஸ் எதிர்பார்க்காதீங்க.

இன்னொண்ணு, இதை மட்டும் நம்பி முழு கட்டுரையும் எழுதிடாதீங்க. இப்போ எத்தனை இருக்கு, குறையுதா, விஜயதசமிக்கு பார்த்தா நல்லதுன்னு பிடிச்சு கூண்டுல அடைச்சு காட்டுறது சட்டப்படி என்ன, இதுக்கெல்லாம் புது சோர்ஸ்தான் வேணும். எந்த இனம் ஆபத்துல இருக்குன்னு சொல்ற ஐயுசிஎன் லிஸ்ட், பறவை பார்க்கிறவங்க பதிவு பண்ற ஈபேர்டு சைட் பக்கம் போங்க. தெலங்கானா, கர்நாடகா, ஒடிசா மூணுக்கும் இதுதான் மாநிலப் பறவை, அதுவும் நூறு வருஷப் புத்தகத்துல இருக்காதில்ல.

பேர் வரலாறு, விவரிப்பு, கூடு, பழைய ஓவியம் இதுக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு. கட்டுரை முழுக்கன்னா மூணு தான் குடுப்பேன்.