அதிகாலைத் தனி ஜெபமா, இரவுக் குடும்ப ஜெபமா?

இரண்டும் வேண்டும், சரி. ஆனால் ஷிப்ட் வேலை, பிள்ளைகளின் டியூஷன் என்று ஓடும் வீட்டில் முதலில் எதை உறுதியாகப் பிடித்துக்கொள்வது?

தனி ஜெபத்துக்கு இயேசுவே முன்மாதிரி. பைபிளில் மாற்கு 1:35-இல் அவர் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். முந்தின நாள் மாலை நோயாளிகளோடு ஊரே வாசலில் கூடியிருந்தது. அவ்வளவு வேலைக்குப் பிறகும் தூக்கத்தைவிட அவருக்குப் பிதாவோடு பேசுவது அவசியமாயிருந்தது. வீட்டார் முன் சொல்ல முடியாத பயம், கோபம், பாவ அறிக்கை எல்லாம் இந்தத் தனிமையில்தான் வெளியே வரும். தடை என்றால் தூக்கமும் செல்போனும்தான்.

குடும்ப ஜெபத்தில் ஒரு கீர்த்தனை, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஆளுக்கொரு விண்ணப்பம், கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. பிள்ளைகள் ஜெபிக்கக் கற்றுக்கொள்வது இங்கேதான். மாலையில் சண்டை போட்ட அண்ணனும் தங்கையும் பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று ஒன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்கு ஈடான பாடம் ஞாயிறு பள்ளியிலும் கிடைக்காது. ஆனால் அப்பா ஒருவரே நீளமாக ஜெபித்தால் அது பிரசங்கமாகிவிடும்.

தனியாக வசிப்பவர் அதிகாலையைப் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் குடும்ப ஜெபத்துக்கே முதலிடம் என்பேன். பத்து நிமிடம் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துவிட்டால் சின்னப் பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.