டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: டிரக்கோடு வருவதா, வெளியே வாங்கி மாட்டுவதா?

டெக்சஸிலிருந்து கொலராடோ மலைகளுக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவது எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கும். ஆறு வருடமாக, பழைய பிக்கப்பில், கடையில் வாங்கி மாட்டிய கன்ட்ரோலரோடு போனோம். டிரக்கில் பிரேக் மிதித்தால் டிரெய்லரின் பிரேக்கையும் பிடிக்க வைக்கும் சின்னப் பெட்டிதான் இந்தக் கன்ட்ரோலர். போன வருடம் டிரக்கை மாற்றியபோது, கம்பெனியே பொருத்தித் தரும் கன்ட்ரோலர் இருந்தால்தான் வாங்குவது என்று பிடிவாதமாக இருந்தேன். இரண்டு டிரக்கின் பின்னாலும் வந்தது ஒரே டிரெய்லர்தான். இரண்டு அச்சு, சாமான் ஏற்றினால் 6,500 பவுண்டு. அதனால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

விலையும் வசதியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிக் கன்ட்ரோலர் பெரும்பாலும் 100 முதல் 200 டாலருக்குள் கிடைக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் அதற்கான பிளக் இருக்கிற டிரக் என்றால் வயரை வெட்ட வேண்டாம், பாதி நாளில் நீங்களே மாட்டிவிடலாம். டிரக்கை விற்கும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழங்கால் இடிக்கிற இடத்தில்தான் அது உட்காரும். கம்பெனி கன்ட்ரோலர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். டிரெய்லர் இணைப்பு விட்டுப்போனால் மீட்டர் திரையிலேயே செய்தி வரும். இதற்காக மட்டும் யாரும் டிரக் மாற்ற வேண்டியதில்லை.

நான் மாறியதற்குக் காரணம் வேறு. டிரக் ஓட்டுபவர் எவ்வளவு பிரேக் மிதிக்கிறார் என்பதைக் கன்ட்ரோலர் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது?

டிரெய்லரின் பிரேக் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதற்கு எவ்வளவு மின்சாரம் போகிறதோ அந்த அளவுக்கு பிரேக் பிடிக்கும். நல்ல வெளிக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை உள்ளே ஒரு சென்சாரை வைத்து டிரக்கின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்று அளக்கின்றன. மிதித்தது மட்டும் பிரேக் லைட் வயர் வழியாக அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்தி மிதித்தோம் என்பது தெரியாது. முதலில் டிரக் வேகம் குறைய வேண்டும், அதைப் பார்த்துத்தான் டிரெய்லருக்கு மின்சாரம் போகும். காய்ந்த சாலையில் இது ஒரு குறையே இல்லை.

மழையில்தான் சிக்கல். ஹைவே 287-இல் அமரில்லோவுக்கு முன்னால் ஒரு சிறிய ஊர் சிக்னலில், அப்போதுதான் தூற ஆரம்பித்த வழுக்கல் சாலையில் பிரேக் அடித்தேன். ஏபிஎஸ் துடித்தது, டிரக் சறுக்கியது. சறுக்கும்போது வேகம் அவ்வளவு சட்டென்று குறைவதில்லை அல்லவா? நான் மெதுவாகத்தான் மிதிக்கிறேன் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவதை முதுகில் உணர்ந்தேன். கன்ட்ரோலரில் உள்ள கை லீவரை அழுத்தி டிரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடித்த பிறகுதான் வண்டி நின்றது. பெட்டி பழுதாகவில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கம்பெனி கன்ட்ரோலர் பிரேக் ஆயில் அழுத்தத்தைப் பார்க்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அது உடனே தெரிந்துவிடும், வேகம் குறையும்வரை காத்திருக்க வேண்டாம். வண்டியின் வேகமும், ஏபிஎஸ் வேலை செய்கிறதா என்பதும் அதற்குத் தெரியும். அதற்கேற்ப டிரெய்லருக்குப் போவதைக் கூட்டும், குறைக்கும். ஃபோர்டு 2005 சூப்பர் டியூட்டியில் இதைக் கொண்டுவந்தது. அப்புறம் மற்ற கம்பெனிகளும் வந்தன.

நியூ மெக்சிகோ எல்லையில் 7,834 அடி உயர ரேட்டன் பாஸ் என்ற கணவாயிலிருந்து கொலராடோவின் டிரினிடாட் ஊர்ப் பக்கம் இறங்கும்போது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். கியரைக் குறைத்து வைத்து, அவ்வப்போது அழுத்தமாக ஒரு பிரேக், பிறகு விடுவது என்றுதான் அங்கே இறங்க வேண்டும். பழைய டிரக்கில் ஒவ்வொரு பிரேக்குக்கும் முதலில் ஒரு தள்ளு, அப்புறம் ஒரு இழு. புதியதில் அது இல்லவே இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி, நான் எதுவும் சொல்லாமலேயே, "என்ன, இந்த வருஷம் கழுத்து ஆடலையே" என்றாள்.

வெளிக் கன்ட்ரோலர்காரர்களும் சும்மா இல்லை. டெகோன்ஷா ப்ராடிஜி பி3 போன்றவற்றில் 'பூஸ்ட்' என்று ஒரு அமைப்பு உண்டு. மிதித்ததும் டிரெய்லருக்குக் கூடுதலாகக் கொடுத்துத் தொடங்கும். கனமான டிரெய்லருக்கு நல்ல உதவி. ஆயில் அழுத்தத்தையே படிக்கும் வெளிக் கன்ட்ரோலர்களும் உண்டு. ஆனால் அதற்கு பிரேக் லைனைத் திறந்து சென்சார் பொருத்த வேண்டும். அதை வீட்டு வாசலில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பழுது என்று வந்தால் வெளிக் கன்ட்ரோலர்தான் மேல். கெட்டுப்போனால் வழியில் ஒரு கடையில் வேறு வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்பலாம். மற்றதற்கு டீலரிடம் போக வேண்டும். என்னுடையதற்கு ஒரு வருடம்தான் ஆகிறது, இதுவரை தொந்தரவு இல்லை. பத்து வருடம் கழித்துக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள பெரிய டிரெய்லரை நான் இழுத்ததில்லை, அதனால் மேலே சொன்னது எலெக்ட்ரிக் டிரம் பிரேக்குக்கு மட்டும்.

டிரக் நல்ல நிலையில் இருந்து, சமதளத்தில் வருடத்துக்கு இரண்டு முறைதான் இழுப்பீர்கள் என்றால் வெளிக் கன்ட்ரோலரே போதும். வாங்கினால் வேகம் குறைவதை அளக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் நேரத்தை வைத்து பிரேக்கைக் கூட்டும் மலிவு வகை வேண்டாம். பழைய டிரக் வாங்குபவர்கள், பின் பம்பரில் டிரெய்லர் வயரை மாட்டும் ஏழு முனை பிளக் இருப்பதைப் பார்த்ததும் கன்ட்ரோலரும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிளக் இருந்தும் கன்ட்ரோலர் இல்லாத டிரக்குகள் நிறைய. டாஷ்போர்டில் கை லீவரையும், டிரெய்லர் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அமைக்கும் கெயின் பட்டனையும் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.