ப்ரீஆம்ப் இல்லாத பதினான்கு மாதங்கள்

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. பாட்டுக் கேட்க, 2016இல் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் ஒன்று, அதற்கு முன்னால் நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் ஒன்று என்று தனித்தனியாக வாங்கினேன். 2022 அக்டோபரில் ப்ரீஆம்பைக் கழற்றிப் பரணில் போட்டேன். 2023 டிசம்பரில் தூசி தட்டித் திரும்ப மாட்டினேன்.

கழற்றியதற்கு முதல் காரணம் உப்புக்காற்று. வால்யூம் திருகுக்குள் எப்படித்தான் புகுமோ, வருடத்துக்கு ஒருமுறை தொட்டாலே கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரிய எரிச்சல். ராத்திரி சத்தத்தைக் குறைத்தால், நடுவில் நின்று பாடுகிறவர் நகர்ந்து இடது ஸ்பீக்கரில் போய் உட்கார்ந்துகொள்வார். திருகு, கடிகார முள் கணக்கில், ஆரம்பத்தை ஒட்டிய எட்டு மணி நிலையைத் தாண்டாது. தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

கணக்குப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் என் டிஏசி தருவது 2 வோல்ட். பவர் ஆம்ப் முழு மூச்சில் ஓட 1 வோல்ட் போதும். நடுவில் ப்ரீஆம்ப் தன் பங்குக்கு 10 டெசிபல், அதாவது மூன்று மடங்கு, கூட்டுகிறது. அது கூட்டுவதை நான் திருகிக் குறைக்கிறேன். திருகுக்குள் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் தடம். ஆரம்பத்தில் அவை இரண்டும் ஒரே அளவாக ஓடுவதில்லை. பாடகர் இடம் மாறியது அதனால்தான். ரிக்கார்ட் பிளேயரின் ஊசி மாட்டிய கார்ட்ரிட்ஜ் 5 மில்லிவோல்ட் தந்த காலத்து வடிவமைப்பு இது. சிடி வந்து 2 வோல்ட் ஆன பிறகும் பழைய பழக்கத்தில் பெருக்கிக்கொண்டே இருக்கிறது.

சரி, டிஏசியை நேரே பவர் ஆம்புக்குக் கொடுத்தேன். டிஏசிக்குள்ளேயே சத்தத்தைக் குறைக்கும் டிஜிட்டல் வால்யூமில் பிட், அதாவது ஒலியின் நுணுக்கம், போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போவது உண்மைதான். ஆனால் 24 பிட்டில் 40 டெசிபல் குறைத்தாலும் கணக்குக்கு 17 பிட் மிச்சம். சிடியே 16 பிட்தான். மல்டிமீட்டர் வைத்து இரண்டு வழியிலும் சத்தத்தைச் சமமாக்கி, மகளை வயர் மாற்றச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டேன். எந்த வழி என்று ஊகித்ததில் பத்துக்கு ஆறு சரி. நாணயம் சுண்டியிருந்தாலே ஐந்து வந்திருக்கும். ஸ்பீக்கரில் கீச்சு ஒலிகளுக்கான ட்வீட்டரில் காதை ஒட்டினால் இரைச்சல் குறைந்திருந்தது தெரிந்தது. ட்வீட்டரில் காதை ஒட்டிப் பாட்டுக் கேட்பவர் யார்?

பதினான்கு மாதம் நிம்மதி. அப்புறம் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் கரண்ட் போய், திரும்பி வந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு அம்மா வழக்கம்போல நாதஸ்வரம் போட்டார். கரண்ட் போனதில் டிஏசி தன் வால்யூமை மறந்து முழு அளவுக்குப் போயிருந்தது. தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. தவில் விழுந்த முதல் அடியில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. நான் ஓடி வந்து ஸ்விட்சை அணைப்பதற்குள் வலது ட்வீட்டர் போயே போய்விட்டது. கையால் பிடித்துக் குறைக்க ஒரு திருகு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதோடு அப்பாவின் எல்பி ரிக்கார்டுகள். கார்ட்ரிட்ஜ் தருவதைப் பெருக்கும் போனோ ஸ்டேஜ் நூறு மடங்கு பெருக்கினாலும் அரை வோல்ட்தான் வருகிறது. நேரே கொடுத்தால் சோனியாக இருக்கும். அங்கே ப்ரீஆம்ப் கூட்டுவது வீணில்லை. டிவி, எல்பி, டிஏசி மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்க ஒரு செலக்டரும் ஆச்சு.

ஆக, ப்ரீஆம்ப் திரும்பி வந்தது. இந்த முறை ரிச்சி தெருவில் நான்கு ஆர்சிஏ பிளக்கும் சில ரெசிஸ்டரும் வாங்கி, 6.8 கிலோஓம் தொடராக, 3.3 கிலோஓம் தரைக்கு என்று சால்டர் வைத்து, இரண்டு குட்டி வயர்கள் செய்தேன். டிஏசியிலிருந்து ப்ரீஆம்புக்குப் போகும் வழியில் 10 டெசிபல் குறைகிறது. ப்ரீஆம்ப் கூட்டப்போவது அங்கேயே கழிந்துவிடுகிறது. ஒரே டிஏசி, வேறெதுவும் இல்லை என்பவர் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் ஒரு இன்டகிரேட்டட் ஆம்ப் போதும்.

இப்போது ராத்திரியில் திருகு பதினொரு மணியில் நிற்கிறது, பாடகர் நடுவில் நிற்கிறார். கரகரப்பு மட்டும் போகவில்லை, கிளீனர் டப்பா பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா, ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் திருகை இடது கோடி வரை திருப்பிவிட்டு, ஒரு எட்டு தள்ளி நின்றுதான் போடுகிறார்.