ரோபோ அறுவைச் சிகிச்சை ஆலோசனை: எங்கள் அனுபவம்

அப்பாவின் புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்காக, சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் ஆலோசனைச் சேவையை நாடினோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டா வின்சி என்ற ரோபோ அறுவைச் சிகிச்சைக் கருவி தானாக எதையும் வெட்டுவதில்லை என்பதையும், மருத்துவரின் கையசைவையே அது நுண்ணிய அசைவாக மாற்றுகிறது என்பதையும் மருத்துவர் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். "அப்படியென்றால் ரோபோ என்று ஏன் சொல்கிறார்கள்?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்.

குறை வேறிடத்தில் இருந்தது. ஸ்கேன் படங்களில் கட்டியின் எல்லையைக் குறிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தவறினால் பொறுப்பு யாருடையது, நம்மைப் போன்ற உடலமைப்பு உள்ளவர்களின் தரவு அதன் பயிற்சியில் இருந்ததா, அப்பாவின் படங்கள் பிறகு எங்கே செல்லும் என்ற கேள்விகளுக்கு, "இறுதி முடிவு மருத்துவருடையதே" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. இத்தகைய மென்பொருளை உருவாக்குவோருக்கும் பயன்படுத்துவோருக்கும் சுகாதார அமைச்சு 2021இலேயே வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டிருக்கும் நிலையில், இந்த மழுப்பல் ஏமாற்றமளித்தது.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தாதி ஒருவர் அதை வரிவரியாகத் தமிழில் சொன்னதால்தான் அப்பா கையொப்பமிட்டார். ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள், அவற்றில் ஒன்று அந்தத் தாதிக்கு.