கடைக்குச் சொத்து வரி: ஆன்லைனில் கட்டலாமா?

சென்னை மாநகராட்சியின் ஆன்லைன் வரி வசதி நிச்சயமாகப் பயன்படுத்த வேண்டிய ஒன்று. ஆனால் பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உட்காராதீர்கள். மண்டலம், வார்டு, பில் எண், சப் எண் என்று நான்கு கட்டம் கேட்கும். தண்டையார்பேட்டை 4-வது மண்டலம், ராயபுரம் 5. தவறு நடப்பது பெரும்பாலும் சப் எண்ணில்தான். மண்ணடி மாதிரி ஒரே கட்டடத்தில் நாலைந்து கடை இருக்கும் இடத்தில், பில் எண் ஒன்றாக இருந்து சப் எண் மட்டும் மாறலாம். அதைக் கவனிக்காவிட்டால் பக்கத்துக் கடை பாக்கியைக் கட்டிவிடுவீர்கள். திரையில் உரிமையாளர் பெயரையும் கதவு எண்ணையும் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

ஏப்ரல் 1 முதல் 30, அக்டோபர் 1 முதல் 30, இந்த இரண்டு மாதங்கள்தான் முக்கியம். அதற்குள் அரையாண்டு வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ.5,000. அரையாண்டு வரி ரூ.40,000 என்றால் ரூ.2,000 மிச்சம், விடக்கூடாத பணம். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். கணக்கில் பணம் போய் ரசீது வரவில்லையென்றால், உடனே மறுபடி கட்டாமல் நிலுவைத் தொகை குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொழில் வரி இதில் சேராது. அதற்குத் தனி எண், தனிப் பக்கம். அரசியலமைப்பின் 276-வது பிரிவுப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் அதை வாங்க முடியாது.